எந்த ஊரு நீங்க?

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் கேட்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வாசலிலேயே கேட்பார்கள். புதுசாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கேட்பார்கள். நம் நாட்டில் முன்பின் தெரியாத ஒருவரிடம் தயக்கமே இல்லாமல் கேட்கக்கூடிய கேள்வி இது ஒன்றுதான். 'எந்த ஊரு நீங்க?' அன்பாகத்தான் கேட்கிறார்கள். அதில்தான் சிக்கலே.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் பயிற்சியே கொடுத்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையில், ராயபுரத்தைத் தாண்டி, ஹார்பர் மதில் சுவரை ஒட்டிய ஒரு தெருவில். நைனா ஹார்பரில் லோடு ஏற்றுகிற கூலி. அவர் சொல்லிக் கொடுத்த பதில் இது: "மதுராந்தகம்னு சொல்லு. ஏரி காத்த ராமர் கோயில் இருக்குதே, அந்த ஊருன்னு சொல்லு. அதோட நிறுத்திக்கோ."

எங்கள் பூர்வீகம் மதுராந்தகம் டவுன் அல்ல. அங்கிருந்து ஏரிக்கரை ஓரமாகப் போய் உள்ளே திரும்பினால் வருகிற ஒரு கிராமம். கிராமமும் அல்ல, கிராமத்தின் சேரி. கிராமத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அங்க எந்தப் பக்கம்? ஊர்லயா, காலனிலயா?" டவுன் பெயரோடு நின்றுவிட்டால் தப்பிக்கலாம். டவுனுக்குள் எல்லாரும் இருப்பார்கள். எங்கள் மேல் ஒரு போர்வை போலக் கிடந்தது மதுராந்தகம் என்கிற பெயர்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி சொந்த ஊரைச் சொல்லச் சொன்னார். நான் மதுராந்தகம் என்றேன். "அட, நானும் அந்தப் பக்கம்தான்" என்றார் டீச்சர். "யார் வீட்டுப் பொண்ணு நீ? எந்தத் தெரு?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கோயில் தெரு" என்றேன். எந்தக் கோயில், எந்தத் தெரு, எதுவும் எனக்குத் தெரியாது. நான் அதுவரை அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. டீச்சர் என் முகத்தையும் சட்டையையும் ஒரு முறை பார்த்தார். "சரி, உக்காரு." அந்த வருஷம் முழுக்க அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. தெரிந்துகொண்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னது பொய். அது தவறா? இருபது வருஷமாக இந்தக் கேள்வி என்னோடு வருகிறது. இதோடு இன்னும் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. மூன்றையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில், ஊர் என்றால் என்ன? தமிழ் எம்.ஏ. வகுப்பில் கணியன் பூங்குன்றனாரைப் பெருமையோடு நடத்தினார்கள். எல்லா ஊரையும் தன் ஊர் என்று சொன்ன புறநானூற்றுக் கவிஞர். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. எல்லா ஊரும் எனக்கு ஊர் என்று சொன்னவர் தன் பெயரிலேயே தன் ஊரைச் சுமந்திருக்கிறார். பூங்குன்றத்தைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்திருக்காது. சொந்த ஊர் கையில் இருக்கிறவன் எல்லா ஊரையும் தன் ஊர் என்று சொல்லலாம். எங்கள் பேச்சில் ஊர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். "ஊருக்குள்ள போகாத", "ஊரான் பாத்துட்டான்" என்று ஆயா சொல்லும்போது ஊர் என்பது எங்களை வெளியே நிறுத்திவிட்டு மீதி இருக்கிற இடம். ஊர் வேறு, சேரி வேறு. அப்புறம் எங்களைப் பார்த்து 'சொந்த ஊர் எது' என்றால் எதைச் சொல்வது?

இதே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். கூடப் படிக்கிறவர்களோடு சிநேகம் வைத்தால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அதே ஆள்தான் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். பின்னால் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார்.

ஒளிந்த சிறுவன் வேறு, பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய மனிதர் வேறு என்று நான் நினைக்கவில்லை. உண்மையைக் கேட்கிறவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் 'எந்த ஊரு' என்று கேட்கிறவன் உண்மையைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. என்னை எங்கே வைப்பது, என் டம்ளரை எங்கே வைப்பது என்று அளந்து பார்க்கக் கேட்கிறான். அளவுகோலை நீட்டுகிறவனுக்கு நாம் உண்மை கடன்பட்டவர்கள் அல்ல. தனியாக இருக்கிற பிள்ளை ஒளியலாம். நமக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும்போது ஒளியக்கூடாது. ஏனென்றால் அப்போது நாம் ஒளிந்தால் வெளியே தெரிகிறவர்கள் அவர்கள். நைனா சொல்லிக்கொடுத்த பொய்யை இந்த அளவுக்கு நான் நியாயப்படுத்த முடியும். டீச்சர் எதிரில் நின்ற அந்தப் பத்து வயசுப் பெண்ணை நான் குற்றவாளி ஆக்க மாட்டேன்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை.

*

எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்கரி, இரும்புத் தாது. இந்தப் பக்கம் நாங்கள். காற்று எப்படி அடித்தாலும் கொடியில் காய்கிற துணி கறுத்துவிடும். சோத்துப் பானையை மூடியே வைத்திருப்பாள் அம்மா. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவது நின்றது. அன்றைக்கு நைனா சொன்னது: "தூசும் போச்சு, சோறும் போச்சு."

பட்டினப்பாலையைப் படித்தபோது இந்தத் தெருதான் என் கண் முன்னால் வந்தது. புகார்த் துறைமுகத்தில் புலிச்சின்னம் பொறித்த மூட்டைகள் மலைபோலக் குவிந்திருந்ததைச் சொல்கிற பாட்டு அது. பல தேசங்களிலிருந்து வந்து, பல மொழி பேசிக்கொண்டு கலந்து வாழ்ந்தவர்களையும் சொல்கிறது. பேராசிரியர் கப்பல்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மூட்டையைத் தூக்கினவன் எங்கே குடியிருந்தான், அவன் பிள்ளை என்ன பாஷை பேசினது என்று நான் கேட்டேன். என் பேச்சிலிருந்த 'இன்னா', 'கீது' எல்லாவற்றுக்கும் வகுப்பு சிரித்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை. கொச்சை என்று அவர்கள் சிரித்த அந்தப் பேச்சு செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசி உண்டானது. அதுவும் ஒரு துறைமுகத்தின் வரலாறுதான்.

நெல்லூர் என்றேன். எங்கள் தெருவின் கடைசியில், சாக்கடை திரும்புகிற இடத்தில், தெலுங்கு பேசுகிற ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. நகர சுத்தி வேலை செய்கிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே எங்களைப்போல. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி என்னோடு படித்தாள். பெயரை எழுதவில்லை. ஒரு வெயில் காலத்தில் பள்ளி விட்டு வரும்போது எனக்குத் தாகம். அவள் வீடு முதலில் வரும். உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. "எங்க ஆயா திட்டும்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை அண்ணாந்து அவளே குடித்தாள். முழுசாகக் குடிக்க முடியாமல் மீதியை வாசலில் ஊற்றினாள்.

ஆயா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தது. "அவுங்க வூட்ல பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்காத." கிராமத்தில் டீக்கடை வாசலில் தனிக் குவளையில் குடித்த அதே ஆயா. கிணற்றங்கரையில் பானையை வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றுவார்களா என்று வெயிலில் நின்ற அதே ஆயா. ஊரிலிருந்து வரும்போது கையில் ஒரு சட்டியும் பாயும் தவிர ஒன்றும் எடுத்துவரவில்லை என்று ஆயா சொல்லும். எடுத்துவந்திருந்தது. யாருக்குத் தண்ணீர் கொடுக்கலாம், யாரிடம் வாங்கலாம் என்கிற ஊரின் சட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஊரில் கடைசியில் நின்றவர்களுக்குப் பட்டணத்தில் தங்களுக்குப் பின்னால் நிற்க ஒரு ஆள் கிடைத்தது.

நான் விட்டேனா? சில நாள் கழித்து, சமாதானம் ஆவதாக நினைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன்: "உங்க சொந்த ஊரு எது?" டீச்சர் என்னைக் கேட்ட அதே குரலில் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது. அவள் தெருவைக் காட்டினாள். "இதான்." பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவள் தாத்தாவே அந்தத் தெருவில் பிறந்தவர். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அவர்கள். எங்கள் தாத்தா வந்தபோது படுக்கத் திண்ணை கொடுத்தது யார் என்று நைனாவிடம் கேட்டேன். "அந்தக் கடைசி வூட்டுக் கிழவர்தான்" என்றார்.

என்னை அளந்தவர்களைப் பற்றி நான் பத்துக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நான் அளந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். சாதி மேலிருந்து கீழே வருகிறது, நாம் வெறும் கருவி என்று தத்துவம் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அன்றைக்கு நீட்டாமல் இருந்த கை என் கை. அதற்கு மனுவைப் பிடித்துக் கேள்வி கேட்டால் மட்டும் போதாது.

*

நான்கு வருஷமாக நான் மதுராந்தகத்தில் தங்கி, பஞ்சமி நில வேலை செய்கிறேன். எந்தப் பெயரைப் பொய்யாகச் சொன்னேனோ அந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். இங்கே என்னை 'மெட்ராஸ்காரம்மா' என்கிறார்கள்.

இந்த மாவட்டத்துக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் எங்கள் மக்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிரட்டலாம் என்று பதிவு செய்தார். அதையொட்டி 1892இல் வந்த அரசாணையால் கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். கைமாறிப்போன அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது. ஹார்பர் சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. போனவர்கள் நாங்கள். இருந்து செத்தவர்கள் அவர்கள்.

வந்த முதல் வருஷமே எங்கள் சேரியைத் தேடிப் போனேன். தாத்தாவின் தம்பி மகன், எனக்குச் சித்தப்பா முறை, அறுபதைத் தாண்டியவர். யார் என்று சொன்னதும் திண்ணையில் உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "உங்க தாத்தன் போட்டுட்டுப் போன ஏர எங்க நைனாதாம்மா ஓட்டுனாரு."

கதை இது. கொள்ளுத்தாத்தா ஒரு கல்யாணத்துக்கு ஆண்டையிடம் நெல்லாகக் கடன் வாங்கினார். அதற்கு மூத்த மகன், எங்கள் தாத்தா, படியாளாக நின்றார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று 1843லேயே ஆனது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் எங்கள் தாத்தா களத்துமேட்டில் படுத்திருந்தார். ஒரு ராத்திரி ஆயாவை அழைத்துக்கொண்டு நடந்து, விடியற்காலை ரயில் ஏறிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஆண்டையின் ஆள் வந்து தம்பியைக் கூட்டிப்போனான். அப்போது தம்பிக்குப் பதினாலு வயது. நாற்பது வயசு வரைக்கும் அந்தக் களத்தில் இருந்தாராம்.

எங்கள் வீட்டில் தாத்தா பட்டணம் வந்தது ஒரு வீரக்கதை. அடிமைத்தளையை உடைத்துக்கொண்டு வந்த மனுஷன். அந்தக் கதையில் தம்பி என்று ஒருவர் இல்லவே இல்லை.

நான் என் வாதத்தையெல்லாம் எடுத்து வைத்தேன். கிராமம் சாதியின் கோட்டை. அரசியல் நிர்ணய சபையில் 1948இல் அம்பேத்கர் கிராமத்தை எப்படித் தோலுரித்தார். விட்டுப்போவதும் ஒரு போராட்டம்தான். கடல் தாண்டியே போயிருக்கிறார்கள். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில், 1860இல், ட்ரூரோ கப்பலில் நேட்டாலின் கரும்புக் காட்டுக்கு ஆள் ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களின் பட்டியலில்கூட ஒவ்வொருவர் பெயரோடும் ஊரும் சாதியும் எழுதிக்கொண்டார்கள். இரட்டைமலையாரே நேட்டாலில் சில வருஷம் வேலை பார்த்தவர். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"போனத நான் தப்புன்னு சொல்லலம்மா. போவாம இன்னா பண்ணுவாரு? ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."

எனக்கு அதற்கும் பதில் இருந்தது. தபால்காரர் சேரிக்கு வரமாட்டார். கடிதம் வந்தால் ஊரில் ஒரு திண்ணையில் கிடக்கும். சேரியில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஊரில்தான் யாராவது பிரித்துப் படித்துக் காட்ட வேண்டும். தாத்தா கடிதம் போட்டிருந்தால் அவர் விலாசம் தம்பிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஆண்டைக்குப் போயிருக்கும். சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார். "அதுவும் மெய்தான்." கொஞ்ச நேரம் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஆண்டை செத்து இருவது வருஷம் ஆச்சே. அப்பறமாச்சும் ஆளு வந்திருக்கலாமில்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

ஊருக்கு நாம் கடன்பட்டவர்களா? இல்லை. நம்மை வெளியே வைத்த இடத்துக்கு நாம் ஒரு படி நெல்கூடக் கடன்பட்டவர்கள் அல்ல. கோயில் திருவிழாவுக்கு வரி கேட்கிறவர்களுக்கும், 'என்ன இருந்தாலும் நம்ம ஊரு' என்று உருகுகிறவர்களுக்கும் இதுதான் பதில். தாத்தா ஓடினது குற்றமில்லை. தம்பியைக் களத்துக்கு இழுத்துப்போன பாவம் ஆண்டையுடையது. இதில் எனக்கு ஐயமே கிடையாது.

ஆனால் ஊருக்குக் கடன் இல்லை என்பதால் யாருக்குமே கடன் இல்லை என்று ஆகிவிடாது. நம் விடுதலைக்கான விலையை யாரோ ஒரு பதினாலு வயசுப் பையன் கட்டியிருக்கிறான். முதல் ராத்திரி படுக்க யாரோ ஒரு தெலுங்குக் கிழவர் திண்ணை கொடுத்திருக்கிறார். இந்த இரண்டு கடனையும் எழுதிக்கொள்ளாமல் 'நாங்கள் தப்பித்து வந்தோம்' என்று மட்டும் எழுதினால், அதுவும் ஆண்ட பரம்பரைக் கதை மாதிரி ஒன்றாகிவிடும். நைனா சொல்லிக்கொடுத்த பொய்யை நான் மன்னிக்கிறேன். எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தம்பியைத் தூக்கியெறிந்த பொய்யை மன்னிக்க முடியவில்லை. முதல் பொய் அளக்கிறவனிடம் சொன்னது. இரண்டாவது நமக்குள்ளேயே சொல்லிக்கொண்டது.

படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வேறு பெயரோடு வாழ்கிற தோழர்களிடம் நான் கேட்பதும் இதுதான். வாடகை வீட்டுக்காரனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் ஏர் ஓட்டினது யார் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்து சேர்கிறவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். இன்றைக்கு ஹார்பர் சுற்றிய குடோன்களில் மூட்டை தூக்க வருகிற பீகார்க்காரப் பையனைப் பார்த்து 'இந்திக்காரன்' என்று நம் தெருப் பிள்ளைகள் கல் எறிவதை நான் பார்த்தேன். அவன் ஊரிலும் ஒரு களம் இருக்கும், ஒரு தம்பி இருப்பான்.

கடைசியாக ஒன்று. நைனாவின் தங்கை, என் அத்தை, கூவக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையைக் காலி செய்து, சாமான்களோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது பெரும்பாக்கம் அதில் சேர்ந்தது. தாத்தா எந்த மாவட்டத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடினாரோ, அந்த மாவட்டத்துக்கே அவர் மகளைப் பட்டப்பகலில் லாரி வைத்துக் கொண்டுவந்து விட்டது அரசாங்கம். வேலை பார்த்த வீடுகள் எல்லாம் பட்டணத்தில். பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

போன மாசம் போயிருந்தேன். "இப்ப யாராவது கேட்டா எந்த ஊருன்னு சொல்றது, சொல்லு" என்று சிரித்தாள் அத்தை. எதிர் வீட்டில் புதுசாக ஒரு குடும்பம் வந்திருந்தது. வேறு ஏதோ கரையிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"அவங்க எந்த ஊரு அத்த?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

"கேக்கல" என்றாள் அத்தை. "அந்தப் பொண்ணுக்குக் கைக்கொழந்தை. மாடி எறங்கி வர முடியல. தண்ணி வந்தா அது கொடத்தையும் சேத்துப் புடிச்சி வெக்கிறேன்."